எழுதும் நாளும் திருத்தும் நாளும்: முதல் நாவலைத் தொடங்குவோருக்கு

நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஐந்தாம் அத்தியாயம் இருக்கிறதா என்பதைத்தான். பெரும்பாலும் இருப்பதில்லை. முதல் நான்கு அத்தியாயங்கள் மட்டும் பத்துத் தடவை திருத்தப்பட்டுப் பளபளவென்று கணினியில் பத்திரமாக இருக்கும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றின் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டே என் முதல் நாவலை எழுத முயன்ற நானும் இதே பள்ளத்தில் மூன்று ஆண்டுகள் கிடந்தேன். அதிலிருந்து ஏறி வர எனக்கு உதவியது ஒரே ஓர் ஏற்பாடு: எழுதுகிற வேலையையும் திருத்துகிற வேலையையும் ஒரே நாளில் செய்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். கீழே வரும் படிகள் யாவும் இந்த ஏற்பாட்டைச் சுற்றி அமைந்தவை. நம்முடையதைப் போன்ற தோட்டப் பட்டணங்களில் இருந்துகொண்டு, தாத்தா பாட்டி காலத்துத் தோட்டத்தை எழுத நினைக்கிறவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் மூன்று தாள்கள்

முதல் தாளில் இரண்டு வாக்கியங்கள் போதும்: யாருக்கு என்ன வேண்டும், அதை எது தடுக்கிறது. "தோட்டத் தொழிலாளர்களின் துயரம்" என்று எழுதினால் அது கட்டுரைத் தலைப்பாகத்தான் நிற்கும். "1950களின் பிற்பகுதியில், வெள்ளைக்காரக் கம்பெனி விற்றுவிட்டுப் போன தோட்டம் துண்டு துண்டாகப் பிரிக்கப்படும்போது, லயத்து வரிசை வீட்டைக் காலி செய்ய மறுக்கும் ஒரு ரப்பர் பால்வெட்டுக்காரி" என்று எழுதினால் அதிலிருந்து காட்சிகள் பிறக்கும். யார் அவளைப் போகச் சொல்வது, யார் கூட நிற்பார்கள், யார் முதலில் மூட்டை கட்டுவார்கள் என்ற கேள்விகள் தாமாக வரிசையில் வந்து நிற்கும்.

இரண்டாம் தாள் காலக்கோடு. இடப்பக்கம் ஆண்டுகள், நடுவில் அந்த ஆண்டில் ஒவ்வொரு பாத்திரத்தின் வயது, வலப்பக்கம் நாட்டில் நடந்தது. இந்த வலப்பக்கத்தை நினைவை நம்பி நிரப்பக் கூடாது. ஜப்பானியர் காலம் 1941 டிசம்பரில் தொடங்கி 1945-இல் முடிகிறது. சயாம் ரயில் பாதை போட ஜப்பானியர் ஆள் பிடித்தது 1942-க்கும் 1943-க்கும் இடையில். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்ட நிர்வாகிகளான மூன்று வெள்ளைக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டது 1948 ஜூன் 16. அதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. தோட்டத் துண்டாடலுக்கு எதிராகத் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் முன்னின்று, தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கும் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் அதே 1960-இல்தான். நம் பால்வெட்டுக்காரியின் கதை 1958-இல் நடந்தால் அவளுக்கு அதில் பத்து வெள்ளிப் பணம் கட்டிப் பங்கு வாங்கும் வழி கிடையாது. 1961-இல் நடந்தால் உண்டு. கதையின் முடிவையே மாற்றிவிடக்கூடிய வேறுபாடு இது. அதனால்தான் இந்தத் தாளை எழுதத் தொடங்குவதற்கு முன்பே போடச் சொல்கிறேன்.

மூன்றாம் தாள் வரைபடம். லயம் எந்தப் பக்கம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் எங்கே, வெட்டிய பாலைக் கொண்டு சேர்க்கும் பால் ஸ்டோருக்கு எந்த வழியாகப் போவார்கள், கோயிலும் கள்ளுக்கடையும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று பென்சிலால் போட்டுக்கொள்ளுங்கள். அழகாக வரைய வேண்டியதில்லை.

முதல் வரைவு

நாள் கணக்கை உங்கள் வாழ்க்கைக்கு ஏற்றபடி வையுங்கள். அமெரிக்காவில் 1999-இல் தொடங்கிய ஓர் இயக்கம், நவம்பர் மாதத்துக்குள் 50,000 சொற்கள் எழுத வேண்டும் என்று இலக்கு வைத்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,667 சொற்கள். அதைப் பார்த்து நானும் ஒரு நவம்பரில் உட்கார்ந்தேன். தீபாவளியும் விருந்தாளிகளும் மழையும் ஆலையின் ஆண்டிறுதிக் கணக்கும் சேர்ந்து என்னைப் பதினோராம் நாளில் எழுப்பிவிட்டன. மேலும், அந்த எண்ணிக்கை ஆங்கிலத்துக்கு உரியது. "வந்துகொண்டிருந்தவனிடம்" என்பது தமிழில் ஒரே சொல். ஆங்கிலத்தில் அதற்கு ஐந்தாறு சொற்கள் பிடிக்கும். ஆகவே 50,000 தமிழ்ச் சொற்கள் என்பது அவர்கள் நினைத்ததைவிடப் பெரிய சுமை.

நாளைக்கு 300 சொற்கள், வாரத்தில் ஐந்து நாள் என்று வைத்தால் வாரத்துக்கு 1,500. நாற்பத்தைந்தாயிரம் சொற்களுக்கு முப்பது வாரம், அதாவது ஏழு மாதம். எனக்குப் பதினான்கு மாதமாயிற்று. அதில் எனக்கு வெட்கமில்லை. பால்வெட்டுக்காரர் வீட்டுப் பிள்ளையாக வளர்ந்ததால் விடியற்காலையில் எழுவது எனக்குக் கடினமில்லை என்பதால் ஐந்து மணிக்கு எழுதினேன். இரவு வேலைக்காரர்கள் மாலையில் எழுதலாம். நேரம் எதுவானாலும் அது மாறாமல் இருப்பது முக்கியம்.

இந்தக் கட்டத்தில் மூன்று பழக்கங்கள் கைகொடுக்கும். ஒன்று, நேற்று எழுதியதில் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுத் தொடர வேண்டும். அதற்கு மேல் பின்னால் போனால் கை தானாகத் திருத்தத் தொடங்கிவிடும். இரண்டு, தெரியாத விவரம் வந்தால் மூன்று நட்சத்திரக் குறிகளைப் போட்டுவிட்டு மேலே போக வேண்டும். அன்றைக்கு ஒரு கட்டி எடை ரப்பர் என்ன விலை என்று தேடப் போய், சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் இணையத்தில் வைத்திருக்கும் பழைய செய்தித்தாள்களுக்குள் நுழைந்து, இரண்டு மணி நேரம் கழித்து 1951-ஆம் ஆண்டின் சினிமா விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த காலைகள் எனக்கு உண்டு. அந்தத் தொகுப்பு பெரிய புதையல்தான். ஆனால் அதைத் திறக்க வேண்டிய நாள் வேறு. மூன்று, காட்சி முடிந்த இடத்தில் நிறுத்தாமல், அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்த இடத்தில், வேண்டுமானால் பாதி வாக்கியத்தில் நிறுத்த வேண்டும். மறுநாள் உட்கார்ந்ததும் கை ஓடும்.

எந்தக் கருவியில் எழுதுவது என்பது பற்றி நான் அதிகம் சொல்வதற்கில்லை. முரசு அஞ்சலிலோ கைப்பேசியில் செல்லினத்திலோ எழுதுங்கள், அல்லது நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பிறகு தட்டச்சு செய்யுங்கள். ஆனால் பழைய எழுத்துருக்களை விட்டுவிட்டு யூனிகோடில் மட்டும் சேமியுங்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோப்பின் பெயரில் தேதியைப் போட்டு உங்களுக்கே மின்னஞ்சல் செய்துவிடுங்கள்.

நடுவில் வரும் சரிவு

மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியதும் எழுத்து நின்றுபோகும். இது எல்லோருக்கும் வருவது. திறமைக் குறைவு என்று எண்ணி வருந்த வேண்டாம். தொடக்கத்தில் இருந்த உற்சாகம் தீர்ந்துவிட்டிருக்கும், முடிவு இன்னும் கண்ணுக்குத் தெரிந்திருக்காது, அதே சமயம் மனத்துக்குள் புதிதாக இன்னொரு நாவல் தோன்றி, அதுதான் நல்ல நாவல் என்று ஆசை காட்டும். அந்தப் புது நாவலை ஒரு தாளில் நான்கு வரி எழுதி மடித்து வைத்துவிட்டுப் பழையதற்கே திரும்புங்கள். புதியதும் மூன்றில் ஒரு பங்கில் நிற்கத்தான் போகிறது.

நின்ற இடத்திலேயே முட்டிக்கொண்டிருப்பது வீண் என்பது என் அனுபவம். கோளாறு பெரும்பாலும் இரண்டு மூன்று அத்தியாயங்களுக்கு முன்னால் இருக்கும். என் நாவல் ஒன்பதாம் அத்தியாயத்தில் நான்கு மாதம் நின்றது. தங்கையின் திருமணப் பேச்சு நடக்கும் காட்சி. யாரைப் பேசவைத்தாலும் பேச்சு தட்டையாக விழுந்தது. திருமணத்தில் எனக்கு ஆர்வமில்லையோ, பெண் பாத்திரங்களை எழுதத் தெரியவில்லையோ என்றெல்லாம் நினைத்தேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதுவரை எழுதிய அத்தியாயங்களை ஒவ்வொன்றும் ஒரு வரியாகத் தாளில் எழுதிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஆறாம் அத்தியாயத்தில், வீட்டில் ஆள் அதிகமாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக, அண்ணனைச் சிங்கப்பூருக்கு வேலைக்கு அனுப்பியிருந்தேன். அந்தத் திருமணத்தை எதிர்க்கக்கூடிய ஒரே ஆள் அவன்தான். எதிர்ப்பவன் இல்லாத வீட்டில் எல்லோரும் வெற்றிலை பாக்கை வைத்துக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணனைத் திரும்ப அழைத்து வந்தேன். ஆனால் ஆறாம் அத்தியாயத்தைத் திருத்தவில்லை. "அண்ணன் போகவில்லை, பிறகு சரி செய்ய வேண்டும்" என்று அதன் தலையில் ஒரு வரி குறித்துவிட்டு, அவன் எப்போதும் வீட்டில் இருந்ததைப் போலவே ஒன்பதிலிருந்து எழுதிக்கொண்டு போனேன். இதைத்தான் வலியுறுத்துகிறேன்: காரணத்தைக் கண்டுபிடிக்கப் பின்னால் போகலாம், சரி செய்யப் போகக் கூடாது. போனால் ஆறைத் திருத்த ஐந்தைத் தொட வேண்டியிருக்கும், ஐந்துக்காக நான்கை. மறுபடியும் நாலாம் அத்தியாயத்துப் பள்ளத்தில் விழுந்துவிடுவீர்கள்.

முடித்ததும்

அச்சடித்து, உறையில் போட்டு, ஆறு வாரம் மூடி வையுங்கள். அந்த நாள்களில் யாருக்கும் படிக்கக் கொடுக்க வேண்டாம். மற்றவர்கள் எழுதிய நாவல்களைப் படியுங்கள்.

திருத்தம்: பெரியதிலிருந்து சிறியதுக்கு

ஆறு வாரம் கழித்து முதல் வாசிப்பைக் கையில் பேனா இல்லாமல் செய்யுங்கள். எங்கே தூக்கம் வருகிறது, எங்கே பக்கம் வேகமாகப் புரள்கிறது என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். பிறகு ஒரு பேரேடு போடுங்கள். கணக்கு வேலையில் இருப்பதால் எனக்கு இது இயல்பாக வந்தது. ஒரு காட்சிக்கு ஒரு வரி: எந்த மாதம், யார் யார் இருக்கிறார்கள், காட்சி தொடங்கும்போது இருந்த நிலைமை முடியும்போது எப்படி மாறியிருக்கிறது. கடைசிக் கட்டத்தில் எழுத ஒன்றுமில்லை என்றால் அந்தக் காட்சி போக வேண்டியதுதான். என் நாவலில் எழுபத்திரண்டு காட்சிகளில் பதினேழு அப்படிப் போயின. அவற்றில் இரண்டு, நான் மிகவும் ரசித்து எழுதிய திருவிழாக் காட்சிகள். வெட்டியவற்றைத் தனிக் கோப்பில் போட்டு வைத்தால் மனம் சற்று ஆறும்.

கட்டமைப்பு நிலைபெற்ற பிறகே உண்மை விவரங்களைச் சரிபார்க்க வேண்டும். இப்போதுதான் நட்சத்திரக் குறிகளைத் தேடி, பழைய செய்தித்தாள்களைத் திறக்கும் நேரம். பாத்திரங்களின் வயதைக் காலக்கோட்டோடு ஒப்பிடுங்கள். 1942-இல் பதினொரு வயதாக இருந்த என் கதாநாயகி 1957-இல் விடுதலை நாளன்று முப்பது வயதுப் பெண்ணாக நின்றாள். இருபத்தாறுதான் ஆகியிருக்க வேண்டும். 1955-இல் நடக்கும் உரையாடலில் ஒருவர் "மலேசியாவில்" என்று சொல்லியிருந்தார். மலேசியா என்ற நாடு 1963 செப்டம்பர் 16-இல்தான் உருவானது, அதுவரை மலாயா.

தேதிகளைக் காட்டிலும் வேலையின் நுணுக்கங்கள்தான் நம்மை அதிகம் காட்டிக்கொடுக்கும். அதற்கு அந்த வேலையைச் செய்தவர்களிடம் படித்துக் காட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில், முப்பது ஆண்டுக்கும் மேலாகப் பால் வெட்டிய ஒரு பெரியம்மா இருக்கிறார். என் நாவலில் கொட்டும் மழையில் கதாநாயகி அழுதுகொண்டே பால் வெட்டும் காட்சி ஒன்று இருந்தது. நான் பெருமைப்பட்டுக்கொண்ட காட்சி. அதைப் படித்து முடித்ததும் பெரியம்மா கேட்டார்:

"மழையில யாருப்பா வெட்டுக்குப் போவா?"

"ஏன் பெரியம்மா, போக மாட்டாங்களா?"

"பட்ட நனஞ்சிருந்தா பாலு கோட்டுல நிக்காது தம்பி. மரமெல்லாம் பரவி வழிஞ்சிரும். மங்குல மழத்தண்ணிதான் நெறையும்."

"அப்ப அன்னைக்கு என்ன செய்வீங்க?"

"பெரட்டுல நிப்போம். பட்ட காஞ்சா மண்டோர் போகச் சொல்லுவாரு. காயலன்னா வீட்டுக்கு. அன்னைக்குச் சம்பளம் ஏது?"

நான் அந்தக் காட்சியை அழித்துவிட்டு, உளியையும் வாளியையும் காலடியில் வைத்துக்கொண்டு, பெரட்டில் நின்று மரத்தையும் வானத்தையும் பார்த்தபடி, போகப்போகிற கூலியை விரல்விட்டுக் கணக்குப் போடும் பெண்களை எழுதினேன். அங்கே கதாநாயகி அழவில்லை. பக்கத்தில் நிற்பவளிடம் ஒரு வெள்ளி கடன் கேட்டாள். நாவலில் நல்ல காட்சி என்று பிறகு பலர் சொன்னது அதைத்தான். விடியுமுன் வெட்டுக்குப் போவதற்கும் காரணம் உண்டு: குளிர்ந்த நேரத்தில் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். இலை கொட்டும் மாதங்களில் பால் குறைவதும், அதனால் வீட்டில் சண்டை கூடுவதும், பெரியவர்களிடம் கேட்டால் கிடைக்கும் கதைச் செல்வங்கள்.

அடுத்த சுற்று பேச்சுமொழி. தமிழ்நாட்டுச் சினிமாவில் கேட்ட பேச்சை நம் பாட்டியின் வாயில் வைப்பதுதான் புதியவர்களிடம் நான் அடிக்கடி காணும் குறை. "பசியாறிட்டீங்களா?" என்று கேட்ட வாய் அது. ஒரே தோட்டத்திலும் பேச்சு ஒன்றாக இருந்ததில்லை. சேலம், திருச்சி, தஞ்சாவூர், வட ஆர்க்காடு என்று பல சீமைகளிலிருந்து வந்தவர்கள் தத்தம் பேச்சைக் கொண்டுவந்தார்கள். தெலுங்கு பேசியவர்களும் லயத்தில் இருந்தார்கள். அலுவலகத்துக் கிராணி பல தோட்டங்களில் மலையாளியாகவோ யாழ்ப்பாணத் தமிழராகவோ இருந்தார். கிராணியும் வேலையை மேற்பார்க்கும் மண்டோரும் ஒரே குரலில் பேசினால் வாசகருக்கு அந்த இடைவெளி தெரியாமலே போய்விடும். மலாய்ச் சொற்களுக்கும் நம் வட்டாரச் சொற்களுக்கும் அடைப்புக்குறிக்குள் விளக்கம் கொடுக்காதீர்கள். "மாமா காடிய எடுத்துக்கிட்டு பாசாருக்குப் போயிட்டாரு" என்று எழுதினால், காடி என்றால் புளித்த நீர் என்று மட்டுமே அறிந்த மதுரைக்காரருக்கும் அது கார் என்று வாக்கியத்திலிருந்தே விளங்கிவிடும்.

பெயர் மாற்றுவது பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. பாதியில் என் நாயகனின் பெயரை வேலன் என்பதிலிருந்து முத்து என்று மாற்றினேன். கணினியில் "வேலன்" என்று தேடி மாற்றச் சொன்னால், இறுதியில் புள்ளி வைத்த ன் இருக்கும் இடங்கள் மட்டுமே மாறும். வேலனை, வேலனுக்கு, வேலனோடு எல்லாம் அப்படியே நிற்கும், ஏனென்றால் அங்கே புள்ளிக்குப் பதில் வேறு உயிர்க்குறி இருக்கிறது. எனவே இரண்டாவதாகப் புள்ளியில்லாத "வேலன" என்பதைத் தேடி "முத்துவ" என்று மாற்ற வேண்டும். அப்போது முத்துவை, முத்துவுக்கு, முத்துவோடு என்று சரியாக அமையும். இத்தனை விவரம் தெரிந்து செய்தும், கடைக்காரர் வடிவேலன் என் நாவலில் வடிமுத்து ஆகிவிட்டிருந்தார். ஆகவே "எல்லாவற்றையும் மாற்று" என்ற பொத்தானை அழுத்தாமல், ஒவ்வோர் இடமாகப் பார்த்து மாற்றுங்கள்.

வரித் திருத்தம் கடைசியில்தான். உரக்கப் படியுங்கள், மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பிடித்த சொல் இருக்கும், எனக்கு "மெல்ல". எல்லோரும் மெல்லச் சிரித்தார்கள், மெல்ல நடந்தார்கள், மெல்லச் செத்தார்கள். தேடி எண்ணியபோது 143 இருந்தன. ஒற்றுப்பிழைகளை இந்தச் சுற்றில் களையுங்கள். முன்பே களைந்திருந்தால் வெட்டி எறிந்த பதினேழு காட்சிகளுக்கும் வீணாக உழைத்திருப்பீர்கள்.

யாரிடம் கொடுப்பது

மூன்று பேர் போதும். இலக்கியம் படிப்பவர் ஒருவர், அந்த வேலையைச் செய்தவர் ஒருவர், உங்களுக்குக் கடமைப்படாத ஒருவர். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். எந்தப் பக்கத்தில் மூடி வைத்தீர்கள், எங்கே ஆள் குழப்பம் வந்தது, யார்மேல் கோபம் வந்தது என்று கேளுங்கள். வாசகர் குறையைச் சுட்டும் இடத்தில் ஏதோ ஒரு குறை இருக்கிறது என்பதை நம்பலாம். அவர் சொல்லும் மருந்தை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. என் நண்பர் ஒருவர் பன்னிரண்டாம் அத்தியாயத்தை நீக்கச் சொன்னார். பேரேட்டைப் பார்த்தபோது, குறை பன்னிரண்டில் இல்லை, அதற்கு முந்தைய அத்தியாயத்திலேயே இரகசியம் உடைந்துவிட்டதுதான் காரணம் என்று தெரிந்தது.

நிறுத்துவதும் அச்சும்

காலையில் எடுத்த காற்புள்ளியை மாலையில் திரும்ப அதே இடத்தில் வைக்கிறீர்கள் என்றால் திருத்தம் முடிந்துவிட்டது. நீங்களே பதிப்பிப்பதாக இருந்தால் ஐஎஸ்பிஎன் எண்ணை மலேசியத் தேசிய நூலகத்தில் கட்டணமின்றிப் பெறலாம். நூல் வெளிவந்ததும் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து பிரதிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும். அச்சகத்தில் பக்கம் அமைக்கும் மென்பொருள் தமிழுக்குச் சரியாக அமைக்கப்படாவிட்டால், கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும். "கொடி" என்பது "காெடி" போல வந்துவிடும். ஆகவே திரையில் பார்த்துச் சரி என்று சொல்லாமல், தாளில் எடுத்த மெய்ப்பு ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒரு அளவுகோலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு, கொ, கோ, கௌ, ஸ்ரீ வருகிற இடங்களை முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.